மின்னல் தாக்கிய கடல்தள ஹெலிகாப்டரை மீண்டும் பறக்க விடுவதற்கு முன்

காவிரிப் படுகையின் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதே படுகை கடலுக்கு அடியிலும் தொடர்கிறது என்பது புதிய செய்தி அல்ல. ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகைப் பிரிவான காவிரி அசெட் காரைக்காலிலிருந்து இயங்குகிறது. கடலில் உள்ள பிஒய்-1 எரிவாயு வயலிலிருந்து வரும் குழாய், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பிள்ளைப்பெருமாள்நல்லூரில் கரையேறுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் விமானப் பராமரிப்புப் பொறியியல் படித்துவிட்டு, மும்பை ஜூஹுவிலும் ராஜமுந்திரியிலும் கடல்தள ஹெலிகாப்டர்களை, அதாவது கடலிலுள்ள எண்ணெய்த் தளங்களுக்குப் போய்வரும் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறார்கள். ரிக் எனப்படும் துளையிடும் தளங்களில் வேலை செய்ய அந்த ஹெலிகாப்டர்களில் ஏறிச் செல்பவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி முன்னவர்களுக்காக எழுதப்படுகிறது. எனினும், "நன்றாகத்தானே வந்து இறங்கியது, ஏன் இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கும் பின்னவர்களும் படித்தால் நல்லது.

மின்னல் ஹெலிகாப்டரின் ஒரு முனையில் நுழைந்து வேறொரு முனையில் வெளியேறுகிறது. நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் கருகிய புள்ளியோ உருகிய விளிம்போ கண்ணுக்குத் தெரியும். இவ்விரண்டுக்கும் இடையில் அது எந்த இணைப்பு, எந்த பேரிங், எந்தப் பசைப்படலம் வழியாகக் கடந்தது என்பது வெளியே தெரியாது. ஆகவே, கண்ட தழும்பைச் சரிசெய்துவிட்டு விமானத்தை விடுவிப்பது பராமரிப்பு ஆகாது. காணாத பாதையை முழுவதும் தடம்பிடித்து, அதில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் குறித்து "இது நலம்" அல்லது "இதைக் கழற்று" என்று பதில் சொன்ன பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வட கடலில் நடந்த இரண்டு விபத்துகள் இதைத் தெளிவாக விளக்குகின்றன. 1995 ஜனவரி 19 அன்று, அபர்டீனிலிருந்து எண்ணெய்த் தளம் ஒன்றுக்குச் சென்றுகொண்டிருந்த ஜி-டிஐஜிகே என்ற சூப்பர் பூமா ஹெலிகாப்டரை மின்னல் தாக்கியது. வால் ரோட்டர் பிளேடு சேதமடைந்தது. சமநிலை கெட்டதால் எழுந்த அதிர்வு, சில நிமிடங்களுக்குள் வால் கியர்பாக்ஸையே அதன் இருப்பிடத்திலிருந்து பெயர்த்துவிட்டது. விமானி கொந்தளித்த கடலில் இறக்கினார். அதில் இருந்த 18 பேரும் உயிர் பிழைத்தனர். 2002 ஜூலை 16 அன்று, லெமன் எரிவாயு வயலின் தளம் ஒன்றை நெருங்கிய ஜி-பிஜேவிஎக்ஸ் என்ற எஸ்-76 ஹெலிகாப்டரின் மெயின் ரோட்டர் பிளேடு நடுவானில் முறிந்தது. 11 பேரும் இறந்தனர். அன்று மின்னல் எதுவும் அடிக்கவில்லை. முறிந்த பிளேடை மின்னல் தாக்கியது 1999இல். அப்போது அது தயாரிப்பாளரிடம் அனுப்பப்பட்டு, ஆராயப்பட்டு, சேவைக்குத் திரும்பியிருந்தது. பிளேடின் முன்விளிம்பு உறையில் தயாரிப்பின்போதே இருந்த குறையும் மின்னலின் மின்னோட்டமும் சேர்ந்து, உள்ளிருந்த டைட்டானியம் ஸ்பாரில், அதாவது பிளேடின் சுமைதாங்கும் முதுகெலும்பில், வெப்பக் காயத்தை உண்டாக்கின. அந்தக் காயத்திலிருந்து, திரும்பத் திரும்ப வரும் சுமையால் களைப்பு விரிசல் வளர்ந்தது. மின்னல் உடனே என்ன செய்யும் என்பதற்கு முதல் விபத்தும், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து என்ன செய்யும் என்பதற்கு இரண்டாவது விபத்தும் சான்று. பராமரிப்புப் பொறியாளர் அஞ்ச வேண்டியது இரண்டாவது வகைக்கே.

தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஹெலிகாப்டரின் பராமரிப்புக் கையேட்டில், 05-50 என்ற பிரிவின் கீழ், மின்னல் தாக்கிய பின் செய்ய வேண்டிய ஆய்வு தனியாகத் தரப்பட்டிருக்கும். டாஃபினுக்கும் பெல் 412க்கும் ஏடபிள்யூ 139க்கும் அந்த ஆய்வு வெவ்வேறானது. வரம்புகளும் எண்களும் அதிலிருந்தே வர வேண்டும். இங்கே எழுதுவது அந்தப் பக்கங்களை எந்த மனநிலையோடும் எந்த வரிசையிலும் அணுகுவது என்பதை மட்டுமே.

நம் வானமும் வட கடல் வானமும்

வட கடலில் மின்னல் தாக்கு குளிர்காலத்தில்தான் மிகுதி. அங்கே நீர் உறையும் மட்டம் ஹெலிகாப்டர் பறக்கும் உயரத்துக்கே இறங்கி வந்துவிடுகிறது. மேகத்தில் இயற்கையான மின்னல் எதுவும் இல்லாதபோதும், ஹெலிகாப்டர் நுழைவதே மின்னலைத் தூண்டிவிடுகிறது. நம் கடற்கரையில் உறைமட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரிக்குக்குப் போகும் ஹெலிகாப்டர் அதற்கு வெகு கீழே பறக்கிறது. எனவே இங்கே ஒரு ஹெலிகாப்டரை மின்னல் தாக்கியது என்றால், அது இடிமேகத்துக்கு உள்ளேயோ மிக அருகிலோ இருந்தது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். இடிமேகத்தில் மின்னல் தனியாக வருவதில்லை. கடுமையான குலுக்கலும் கீழிறங்கும் காற்றும் சில வேளைகளில் ஆலங்கட்டியும் உடன் வரும். ஆகவே, விமானியிடம் மின்னலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், குலுக்கல் எவ்வளவு இருந்தது, சுமை வரம்பு எதுவும் மீறப்பட்டதா என்றும் கேட்டு, தேவையானால் கடுங்குலுக்கலுக்குப் பின் செய்ய வேண்டிய ஆய்வையும் சேர்த்தே திறக்க வேண்டும். இரண்டும் தனித்தனிப் பக்கங்களில் இருப்பதால் இது எளிதாக விடுபட்டுப் போகிறது.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் உள்நாட்டில் எழும் இடிமேகங்கள் மாலையிலும் முன்னிரவிலும் டெல்டாவைக் கடந்து கடலுக்குள் நகர்வதை இங்குள்ள எந்த விவசாயியும் அறிவார். வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு மேகங்கள் கடலிலிருந்தே வருகின்றன. இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் காரைக்காலிலேயே இருப்பதால், சம்பவ நேரத்துக்குரிய ரேடார் படத்தை அன்றே எடுத்து ஆய்வுக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஹெலிகாப்டர் எங்கே, இடிமேகம் எங்கே என்பது பின்னாளில் நினைவிலிருந்து பேசும் விஷயமாகிவிடக் கூடாது.

இறங்கியவுடன்

தாக்கு நடந்தது என்று விமானி உறுதியாகச் சொன்னாலும், வெளிச்சமும் ஓசையும் மட்டும் உணர்ந்து ஐயப்பட்டாலும், இரண்டையும் ஒன்றாகவே நடத்த வேண்டும். தாக்கவில்லை என்று ஆய்வு காட்டும் வரை தாக்கியதாகவே கொள்ளுங்கள். டெக் லாக் எனப்படும் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் விமானியே பதிவு எழுத வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, நேரம், உயரம், இடம், போன திசை, கருகிய வாடை வந்ததா, எந்தக் கருவி ஒரு கணமாவது தடுமாறியது, அதிர்வில் மாற்றம் இருந்ததா, ரேடியோ அறுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் செய்யுங்கள். துணை விமானியைத் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிய பிறகு கிடைப்பது ஒரே நினைவுதான்.

மின்சாரத்தை அணைத்த பிறகு, குரல் பதிவுக் கருவிக்கும் பறப்புத் தரவுப் பதிவுக் கருவிக்கும் போகும் சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து அடையாளமிடுங்கள். குரல் பதிவு சுழன்று சுழன்று பழையதன் மேல் எழுதும். பழைய கருவிகளில் கடைசி 30 நிமிடமும் புதியவற்றில் 2 மணி நேரமும் மட்டுமே நிற்கும். ஆய்வுக்காக மின்சாரத்தை மீண்டும் மீண்டும் போட்டால், தேவையான குரல் அழிந்துவிடும். ஹம்ஸ் என்று நாம் சொல்லும் அதிர்வுக் கண்காணிப்புத் தரவையும் முதலிலேயே இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குக்கு முந்திய அதிர்வுக் கோடும் பிந்திய கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அடுத்த இரண்டு நாள் வேலையில் பாதி வெளிச்சமாகிவிடும்.

விமானத்தின் மேல் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. கடல்தள ஹெலிகாப்டரில் அவசர மிதவைகள், தீயணைப்புக் குடுவைகள், சிலவற்றில் ஹாய்ஸ்ட் எனப்படும் தூக்கு பொறியின் கம்பியை அறுக்கும் அமைப்பு ஆகியவை சிறு வெடிமருந்துக் கார்ட்ரிஜ்களால் இயங்குகின்றன. மின்னல் அவற்றின் மின்சுற்றில் என்ன செய்திருக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. கையேடு சொல்லும் முறையில் அவற்றைப் பாதுகாப்பாக்கிய பிறகே மற்றவர்களை அருகில் விடுங்கள். எரிபொருள் வாடையோ கசிவோ இருக்கிறதா என்று சுற்றி வந்து பார்ப்பதும் இதே கட்டத்தில்தான்.

ஹெலிகாப்டர் ரிக்கின் மேல் இறங்கியிருந்தால் நிலைமை கடினமாகும். ஹெலிடெக் அடைபட்டுவிட்டது, ஷிப்ட் மாற ஆட்கள் காத்திருக்கிறார்கள், மேகம் மீண்டும் கறுக்கிறது. "ஒன்றும் தெரியவில்லை, மெதுவாகக் கரைக்குக் கொண்டுபோய்விடலாம்" என்ற பேச்சு அப்போது எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பொறியாளர்களும் கருவிகளும் படகில் ரிக்குக்குப் போக வேண்டும். ஆட்கள் படகில் கரைக்கு வரலாம். கையேட்டின் ஆய்வு முடிந்த பிறகும் குறை மிச்சமிருந்து, ஆனால் கரை வரை பறக்கத் தகுதி உண்டு என்று தொழில்நுட்ப அடிப்படை இருந்தால் மட்டுமே, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிறப்புப் பறப்பு அனுமதியோடு, பயணிகள் இல்லாமல் கொண்டுவரலாம். ஜி-டிஐஜிகே வானில் தாக்குப்பிடித்தது சில நிமிடங்களே என்பதை அந்தப் பேச்சு எழும்போது நினைவூட்டுங்கள்.

கழுவாதீர்கள்

கடல் மேல் பறந்து வந்த ஹெலிகாப்டரை நல்ல தண்ணீரில் கழுவுவது நம் கடற்கரையில் அன்றாடப் பழக்கம். கை தானாகவே குழாயை நோக்கிப் போகும். மின்னல் தாக்கிய விமானத்தை, தழும்புகள் அனைத்தும் குறிக்கப்படும் வரை கழுவக் கூடாது. கரிப்புகை படிந்த மெல்லிய கோடுதான் மின்னோட்டம் போன வழிக்கு உள்ள ஒரே வெளிச்சான்றாக இருக்கக்கூடும். தண்ணீர் அதை ஒரு நொடியில் அழித்துவிடும். அதோடு, தேன்கூட்டு அமைப்புள்ள பேனல்களிலும் பிளேடுகளிலும் ஊசித்துளை விழுந்திருந்தால், தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். உப்பு அரிக்குமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, தழும்பு வரைபடத்தை விரைவாக முடித்து, துளைகளைத் தற்காலிகமாக மூடி, அன்றைக்கே கழுவுவது.

தழும்புகளைத் தேடுதல்

மின்னல் முனைகளை நாடும். மெயின் ரோட்டர் பிளேடுகளின் நுனி, வால் ரோட்டர் நுனி, செங்குத்து வால், கிடைவால், மூக்கு, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய், ஆன்டெனாக்கள், சக்கரம், வெளிவிளக்குகள், ஹாய்ஸ்ட் கொக்கி ஆகியவற்றை முதலில் பாருங்கள். பின்பு, விமானம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்ததால், நுழைந்த புள்ளியிலிருந்து பின்னோக்கி உடலின் மேல் தொடர்ச்சியாகச் சிறு புள்ளிகள் விழுந்திருக்கலாம். ஒன்று கிடைத்தால் அடுத்ததை அதே கோட்டில் தேடுங்கள். ரோட்டர் சுழன்றுகொண்டிருந்ததால், ஒரே தாக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிளேடுகளைத் தொட்டிருக்கலாம். ஒரு பிளேடில் கண்டுவிட்டோம் என்று மற்றவற்றைத் தளர்வாகப் பார்க்கக் கூடாது.

தழும்பு எப்படி இருக்கும்? பெயின்ட் செய்த அலுமினியத்தில், கடுகளவு குழி ஒன்று, விளிம்பு உருகி மீண்டும் உறைந்து மணிபோல் திரண்டிருக்கும். சுற்றிலும் பெயின்ட் கொப்பளித்து, வெளிவட்டத்தில் பழுப்பேறியிருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் அந்தத் திரட்சியின் பளபளப்பு தெளிவாகத் தெரியும். கல் பட்ட குழியில் அது இருக்காது. கார்பன் பேனலில் குழிக்குப் பதில், நார்கள் பிரிந்து துடைப்பம் போல் நிற்கும். பிசின் எரிந்து, காய்ந்த கறுப்பு நார் மட்டும் மிஞ்சியிருக்கும். பாகங்களுக்கிடையே மின்னோட்டம் கடக்க வைத்த, பாண்டிங் பட்டை என்று நாம் சொல்லும் பின்னிய செம்புப் பட்டையில், ஒன்றிரண்டு இழைகள் மட்டும் அறுந்து நுனியில் செம்பு முத்து கோத்திருந்தாலும் போதும், மின்னோட்டம் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று பொருள்.

கண்ட ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, விமானத்தின் வரைபடத்தில் குறியுங்கள். பிளேடுகளுக்கு உள்ள நிற அடையாளத்தையும் தொடர் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பிளேடுகளைக் கழற்றிய பிறகு, "அந்தச் சிவப்பா, மஞ்சளா?" என்ற கேள்விக்கு இடமிருக்கக் கூடாது. நுழைந்த தழும்பு கிடைத்து, வெளியேறிய தழும்பு கிடைக்கவில்லை என்றால் தேடல் முடியவில்லை. வரைபடத்தில் இரு முனையும் விழுந்த பின்பு, அவற்றை இணைக்கக்கூடிய எல்லா வழிகளையும் கோடாக வரையுங்கள். மின்னோட்டம் ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. கிடைத்த வழிகளிலெல்லாம் பிரிந்து போகும்.

பிளேடுகளும் ரோட்டர் தலையும்

பிளேடில் மேற்பரப்பைவிட ஒட்டுகள் முக்கியம். டைட்டானியம் அல்லது நிக்கல் முன்விளிம்பு உறை, நுனி மூடி, டிரிம் டேப், உள்ளே பதித்த கம்பிவலை ஆகியவை பசையால் ஒட்டப்பட்டவை. விமானங்களுக்கான தரச்சான்றுச் சோதனைகள் 2,00,000 ஆம்பியர் வரையிலான உச்ச மின்னோட்டத்தைக் கருத்தில் கொள்கின்றன. அதில் ஒரு பங்கு ஒட்டின் குறுக்கே தாவினாலும், பசை கருகி ஆவியாகி, பிளேடை உள்ளிருந்து பிரித்துவிடும். வெளியில் தலைமயிரளவு கோடு மட்டுமே தெரியலாம்.

இதற்காகத்தான் தட்டிப் பார்க்கும் சோதனை. அதற்கென உள்ள சிறு சுத்தியலால், கையேடு காட்டும் கட்டத்தின்படி, ஒரே அழுத்தத்தில் வரிசையாகத் தட்டிச் செல்ல வேண்டும். சந்தையில் பானை வாங்கும் பெண், விரல் கணுவால் தட்டிக் கேட்பதைப் போலத்தான் இதுவும். ஒட்டு நன்றாக இருக்கும் இடம் கூர்மையாக ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஹேங்கரில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் தகரக் கூரையின் மேல் மழை கொட்டும்போதும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தாக்கப்படாத பிளேடின் அதே இடத்தை முதலில் தட்டிக் காதைப் பழக்கிக்கொண்டு, பின்பு ஐயத்துக்குரிய பிளேடுக்குப் போங்கள். தட்டுச் சோதனை மேற்பரப்புக்கு அருகிலுள்ள பிரிவை மட்டுமே காட்டும். ஆழத்துக்கு அல்ட்ராசோனிக், எக்ஸ்-ரே, வெப்பப் படம் என்று கையேடு எதைக் கேட்கிறதோ அதை, அதற்குரிய தகுதிச் சான்று பெற்றவரே செய்ய வேண்டும். கையேடு பிளேடைத் தயாரிப்பாளரிடம் அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள். அங்கிருந்து திரும்பி வரும்போதும், எந்தச் சோதனை எந்த இடத்தில் செய்யப்பட்டது என்ற தாள் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2002 விபத்துக்குப் பிறகு, "தயாரிப்பாளர் பார்த்துவிட்டார்" என்ற ஒரு வரியோடு நாம் நிம்மதி அடைய இடமில்லை.

பிளேடிலிருந்து உள்ளே வந்தால், பிளேடு அடியிலுள்ள பாண்டிங் பட்டை, பிளேடு பின்கள், ரப்பர் அடுக்குள்ள எலாஸ்டோமெரிக் பேரிங், அதிர்வைத் தணிக்கும் டாம்பர், பிளேடின் கோணத்தை மாற்றும் பிட்ச் லிங்கின் இரு முனைகளிலும் உள்ள பேரிங், விமானியின் கட்டளையை அந்த லிங்குகளுக்குக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட்டின் பேரிங் என்று வரிசையாக வரும். பிட்ச் லிங்கைக் கழற்றினால், கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள்; திரும்பப் பூட்டிய பின் இரண்டாவது தகுதியுள்ள நபரின் தனி ஆய்வு கட்டாயம். கையால் அசைத்துப் பார்க்கும்போது உருண்டு போகாமல் இடையில் ஒரு சிறு தடுமாற்றம் தெரிந்தால், அந்த பேரிங்கைப் பற்றி மேலும் விவாதிக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

கியர்பாக்ஸ்கள்

மின்னோட்டம் மெயின் ரோட்டரில் நுழைந்து வால் ரோட்டரில் வெளியேறினால், மெயின் கியர்பாக்ஸ், வால் டிரைவ் ஷாஃப்ட், அதன் ஹேங்கர் பேரிங்குகள், இடை கியர்பாக்ஸ் இருந்தால் அது, வால் கியர்பாக்ஸ் ஆகிய எல்லாமே அதன் வழியில் இருந்திருக்கின்றன. பேரிங்கின் உருளைக்கும் வளையத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அதைத் தாவும்போது பொறி விழுந்து, எஃகில் நுண்குழி உண்டாகிறது. அந்தக் குழியின் விளிம்பில் உலோகம் கெட்டித்து நொறுங்கும் தன்மை பெறுகிறது; பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு அங்கிருந்து செதில் செதிலாக உதிரத் தொடங்கும். தாக்கு நடந்த அன்று, எண்ணெயிலுள்ள உலோகத் துகளைப் பிடித்துக் காட்டும் சிப் டிடெக்டரில் ஒன்றும் இருக்காது. ஆகையால், அன்றைய சுத்தமான சிப் டிடெக்டரை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இரண்டாவது கேள்வி, எஃகுப் பாகங்களில் தங்கிவிடும் காந்தம். பெரும் மின்னோட்டம் கடந்த கியர்களும் ஷாஃப்ட்களும் காந்தமேறி, எண்ணெயில் மிதக்கும் இரும்புத் துகள்களைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். துகள் சிப் டிடெக்டருக்குப் போய்ச் சேராது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. காந்த அளவியை வைத்து, கையேடு குறிக்கும் இடங்களில் அளந்து, ஒவ்வோர் அளவையும் எழுதுங்கள். அளக்கும்போது ஸ்பேனர், மொபைல், காந்தப் பிடியுள்ள டார்ச் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வரம்பைத் தாண்டினால், கையேடு அனுமதிக்கும் பாகத்துக்கு மட்டும் காந்தம் நீக்கி மீண்டும் அளக்கலாம். மற்றபடி கியர்பாக்ஸ் கழற்றப்பட்டு ஓவர்ஹால் பணிமனைக்குப் போக வேண்டியதுதான். காந்தம் இல்லை என்பதாலேயே மின்னோட்டம் போகவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. தழும்பு ஒருவிதமாகவும் காந்த அளவி வேறுவிதமாகவும் சொன்னால், தழும்பையே நம்புங்கள்.

எண்ணெய் மாதிரி எடுத்து, ஃபில்டரை வெட்டிப் பார்த்து, அதிலுள்ளதைப் படமெடுத்து வைப்பது, இனி வரும் ஒப்பீட்டுக்கு அடிப்படைக் கோடாக இருக்கும்.

மின்சாரம், கருவிகள், மிதவைகள்

இது மின், மின்னணுக் கருவிகளுக்கான பி2 உரிமம் உடையவரின் வேலை, ஹெலிகாப்டரின் உடலுக்கும் என்ஜினுக்குமான பி1.3 உரிமம் உடையவர் அதைத் தாமே பார்த்துக்கொள்வதாக நினைக்கக் கூடாது. ஆன்டெனா அடிகள், ரேடாரின் மூடியான ரேடோம், எரிபொருள் அளவுக் கருவிகள், பிட்டோ சூடாக்கி, என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, தானியங்கி விமானி ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிச் சோதிக்க வேண்டும். பாண்டிங் தடையை மில்லி ஓம் அளவில் காட்டும் மீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. திசைகாட்டி காந்தமேறிய உடலால் பிசகியிருக்கலாம். எனவே இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட்டுக்கும் ஹேங்கர் தூண்களுக்கும் விலகி, திசைகாட்டித் திருத்தம் செய்து புது அட்டை எழுதுங்கள்.

மிதவைக் கார்ட்ரிஜ்களின் மின்சுற்றை மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். அது கெட்டிருந்தால் பறப்பில் எந்த அறிகுறியும் காட்டாது. கடலில் இறங்க வேண்டிய நாளில்தான் தெரியும். அவசர இருப்பிடக் காட்டிக்கும் இதுவே பொருந்தும்.

உப்பும் ஈரமும்

நம் கடற்கரைக்கே உரிய தொல்லை இது. பெயின்ட் போய், உலோகம் வெளிப்பட்ட சிறு குழி, உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் அரிக்கத் தொடங்கிவிடும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னும் விரைவாக. வரம்புக்குள் இருக்கிறது என்று விட்டுவைக்கும் தழும்பையும் சுத்தம் செய்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, பெயின்ட் அடித்துதான் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பசை வேலை செய்வதாக இருந்தால், பேனலில் தங்கிய ஈரத்தை முதலில் உலர்த்துங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது சூடேற்றிப் பசையை இறுக்கினால், நீராவி தேன்கூட்டின் தோலைத் தூக்கிவிடும். பழுதுபார்க்கும் இடத்தின் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் குறித்து வையுங்கள். பசைக்குரிய தாளில் உள்ள வரம்புக்கு வெளியே இருந்தால், அன்று வேலை வேண்டாம்.

இயக்கிப் பார்த்தலும் விடுவித்தலும்

பாகங்கள் மாற்றப்பட்ட பிறகு தரையில் இயக்கி, ரோட்டரின் டிராக்கும் (பிளேடுகள் ஒரே தளத்தில் சுழல்வது) சமநிலையும் சரிசெய்து, ஹம்ஸில் புதிய அடிப்படைக் கோடு எடுங்கள். இந்தக் கோட்டைத் தாக்குக்கு முந்திய கோட்டோடு ஒப்பிடும்போது, வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எந்த ஒரு பேரிங் அல்லது கியரின் அதிர்வெண் முன்பைவிட உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கையேடு சோதனைப் பறப்பைக் கேட்டால், அது தெளிந்த வானத்தில், கரைக்கு அருகில், பயணிகள் இல்லாமல் நடக்க வேண்டும்.

விடுவிப்புச் சான்றில் கையெழுத்திடுபவர், தம் முன் தழும்பு வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நுழைவிலிருந்து வெளியேற்றம் வரை வரைந்த கோடுகளின் மேல் விரலை ஓட்டி, கோடு கடக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலைத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாகத்துக்குத் தாள் இல்லை என்றால், வேலை முடியவில்லை. மேலாளர் வாசலில் நிற்பதும் ரிக்கிலிருந்து தொலைபேசி வருவதும் இந்தத் தாளுக்குப் பதிலாகாது. சம்பவ அறிக்கை நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு வழியாக டிஜிசிஏவுக்குப் போயிருக்கிறதா என்பதையும் இதே நேரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்பு, பாகங்களின் வரலாற்று அட்டைகள். கழற்றாமல் விட்ட பிளேடு, கியர்பாக்ஸ், ஸ்வாஷ்பிளேட் ஆகிய ஒவ்வொன்றின் அட்டையிலும், அதன் தொடர் எண்ணுக்கு எதிரே, தாக்கு நடந்த தேதி, அப்போது இருந்த பறப்பு மணி, தழும்பு இருந்த இடம், செய்த சோதனை, கிடைத்த முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். குறை எதுவும் காணவில்லை என்றாலும் எழுதுங்கள். ஹெலிகாப்டரின் பதிவேட்டில் மட்டும் எழுதினால் போதாது. பிளேடு நாளை வேறொரு ஹெலிகாப்டருக்கு, வேறொரு நிறுவனத்துக்கு, வேறொரு நாட்டுக்குப் போகும், பதிவேடு இங்கேயே இருந்துவிடும். ஓவர்ஹாலுக்கு அனுப்பும் பாகத்தின் கழற்றல் சீட்டில், காரணம் என்ற இடத்தில் "மின்னல் தாக்கியது" என்று வெளிப்படையாக எழுதுங்கள். "பழுது" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அங்குள்ளவர் பேரிங் வளையத்தில் மின்பொறிக் குழியைத் தேடமாட்டார்.

சேவைக்குத் திரும்பிய பின்னும் கையேடு குறிக்கும் இடைவெளிகளில் சிப் டிடெக்டர், எண்ணெய் மாதிரி, ஹம்ஸ் தரவு ஆகியவற்றை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். இந்த மறு ஆய்வுகளைப் பராமரிப்புத் திட்டத்தில் விடுவிப்பு நாளன்றே ஏற்றிவிடுங்கள்; ஷிப்ட் மாறிய பொறியாளரின் நினைவை நம்பி விடாதீர்கள். முதல் சில பறப்புகளுக்குப் பிறகு விமானியிடம் அதிர்வு, ஓசை, திசைகாட்டி மூன்றையும் பற்றிக் கேட்டு எழுதி, அந்தத் தாள்களையும் தழும்பு வரைபடம் இருக்கும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.